டாக்டர் சீட்டு

தர்ம ஆஸ்பத்திரி வாசலில் மனிதர்களுக்கு முன்னால் சீசாக்கள் வந்து வரிசையில் நின்றுவிடும். விடிந்ததும் விடியாததுமாகக் கொண்டுவந்து படியோரம் வைத்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். தைல சீசா, சோடா சீசா, லஸ் பக்கத்து வக்கீல் பங்களாக் குப்பையில் கிடைத்த பிராந்தி சீசா என்று சகல ஜாதியும் அங்கே சமமாக நிற்கும். கதவு திறக்கிற நேரத்துக்கு ஓடிவந்து தன் சீசாவுக்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும். ஹாஜிரா பீயின் சீசா பச்சைக் கண்ணாடி. அடையாளத்துக்காக அதன் கழுத்தில் மெத்தை தைக்கிற நூலைச் சுற்றியிருந்தாள்.

அன்றைக்கு அவள் வருவதற்குள் யாரோ பச்சை சீசாவை நகர்த்திச் சுவரோரம் வைத்துவிட்டிருந்தார்கள். சண்டை போட்டுத் திரும்ப வரிசையில் நுழைவதற்குள் உள்ளே மருந்து ஜாடி காலி. அந்த ஆஸ்பத்திரியை நடத்திய ஜவுளிக்கடைக் குடும்பம் நல்ல மனசுக்காரர்கள்தான். தினம் ஒரு ஜாடி மருந்து என்று தர்மத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். ரோஜா நிறத்தில் ஒரே மருந்து. காய்ச்சலுக்கும் அதுதான், கட்டிக்கும் அதுதான். ஜாடி தீர்ந்தால் கதவைச் சாத்திவிட வேண்டியது.

"நாளிக்கு வா, பீவி," என்றான் வாசல்காரன்.

"வர்றேன் நைனா. அதுவரிக்கும் இருமாம இருன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட நீயே வந்து சொல்லிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, காலி சீசாவை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற பஞ்சுக்காரர் சந்தில் முக்கால்வாசி மெத்தை தைக்கிற குடும்பங்கள். சந்துக்குள் காலை வைத்ததுமே பஞ்சடிக்கிற வில்லின் சத்தம் காதை அடைக்கும். அத்தனை சத்தத்திலும் ஹாஜிராவுக்குத் தன் புருஷன் அப்துல் கஃபாரின் வில் தனியாகக் கேட்கும். நரம்பை மரக்கட்டையால் தட்டத் தட்டப் பஞ்சு பொங்கி எழுந்து அவர் முழங்காலை மூடும். நடுவில் சத்தம் நின்றால் அவர் இருமுகிறார் என்று அர்த்தம். சந்து முனையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அது பல தடவை நின்றது.

"கெட்சுதா?" என்று கேட்டார் கஃபார். புருவம், மீசை, கண்ணிமை எல்லாம் பஞ்சு படிந்து, நாற்பத்தைந்து வயசுக்காரர் எண்பது வயசுக் கிழவராக உட்கார்ந்திருந்தார்.

"ஜாடி தீந்துபோச்சு."

"நல்லதாப்போச்சு. அத்த குட்ச்சா வாயெல்லாம் செவக்குது. வெத்தில போட்டுகினேன்னு நீ சந்தேகப்படுவ." சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்துவிட்டது. ஹாஜிரா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். இந்த மனிதர் தன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தே ஒருநாள் மூச்சு அடைத்துப் போய்விடப் போகிறார் என்று அவளுக்குக் கோபமாக வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சந்து முனையில் ஒரு கரிக்கடை காலியாகி, அதில் டாக்டர் ஞானதாஸ் வந்து உட்கார்ந்தார். சாந்தோம் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், எல்.எம்.பி. படித்தவர். ஒரு சைக்கிள், கழுத்துக் குழாய், கம்பவுண்டராக மாமன் மகன் வால்டர், இவ்வளவுதான் அவருடைய முதல். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் அந்தச் சுவரிலிருந்து கரி போகவில்லை. சாய்ந்தவர்கள் எல்லாரும் முதுகில் கறுப்போடு வெளியே வந்தார்கள். யார் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று சந்தில் யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை.

வருகிறவர்கள்தான் கொஞ்சம். லஸ் டாக்டர்களோடு பார்த்தால் அவர் வாங்கிய ஃபீஸ் கொசுறுதான். ஆனாலும் காசு கொடுத்துக் காட்டுவதென்றால் நோயும் காசு பெறுமானமுள்ளதாக இருக்க வேண்டும் என்று சந்து நினைத்தது. கண் சொருகின பிறகே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைக்காதவன் வீட்டில் ஃபீஸ் கேட்க டாக்டருக்கு வாய் வரவில்லை.

நோயாளியைப் படுக்கவைக்கும் பெஞ்சுக்கு மெத்தை தைத்துக்கொண்டு போனாள் ஹாஜிரா.

"இத்தினி சன்னமா இருந்தா போதுமா டாக்டரே?"

"போதும் பீவிம்மா. யாரும் ரொம்ப நேரம் படுக்கறதில்ல. வரும்போதே பாதி உயிர் போயிடுது." அவர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். "தர்ம ஆஸ்பத்திரியில ஜாடி இருக்கிற வரைக்கும் வைத்தியம். லஸ்ல பணம் இருக்கிற வரைக்கும். எங்கிட்ட எப்படின்னா, நீங்க படுத்தாத்தான் எனக்குச் சோறு. சந்து நல்லா இருந்தா நான் பட்டினி. இது ஒரு பிழைப்பா?"

"அதுக்கு இன்னா பண்றது?"

"ஒரு யோசனை இருக்கு. மாசாமாசம் வீட்டுக்கு ரெண்டணா கட்டுங்க. நோய் இருந்தாலும் இல்லாட்டியும். அப்புறம் ஃபீஸே கிடையாது. சீமையில வேலைக்காரங்க இப்படிச் சேர்ந்து டாக்டர் வச்சுக்கறாங்களாம். காசு கட்டின வீட்டுக்கு நான் ஒரு சீட்டு தருவேன்."

ஹாஜிராவின் முகம் மலர்ந்தது. "அட, சீட்டா! அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா? நாஞ் சேத்துத் தர்றேன் ஆளுங்கள."

சீட்டுப் பிடிப்பதில் அவளுக்கு மிஞ்சின ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. பாத்திரச் சீட்டு, ரம்ஜான் துணிச் சீட்டு என்று எத்தனையோ நடத்தி, ஒருத்தரிடமும் ஒரு சொல் கேட்காதவள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். டாக்டர் சீட்டு என்றதும் பெண்கள் கொஞ்சம் யோசித்தார்கள். பிடிப்பவள் ஹாஜிரா என்றதும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். சந்துக் கோடியில் எருமை வைத்துப் பால் கறக்கிற சுப்பம்மாகூடச் சேர்ந்துகொண்டாள்.

மாதம் பிறந்ததும் முறைப்படி எல்லாரையும் கூட்டி, பேர்களை எழுதிச் சுருட்டி பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக் குலுக்கினாள் ஹாஜிரா. முதல் குலுக்கலில் சுப்பம்மாவின் பேர் வந்தது. சீட்டு பிடிப்பவள் முதல் சீட்டைத் தானே எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம்தான். ஆனால் புருஷனுக்காகத்தான் சீட்டே ஆரம்பித்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்பதற்காக, தன் பேரைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டாள்.

சுப்பம்மா தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். அவளுக்கு எருமையையே தள்ளிக்கொண்டு போகிற உடம்பு. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் குழம்பினார்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"மொறை சாமி," என்றாள் அவள், வெட்கத்தோடு.

டாக்டர் அதை முறைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார். கொய்னா மாத்திரை கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். காது ஙொய் என்று இரைய, அத்தனை கசப்பையும் சுப்பம்மா முழுங்கித் தீர்த்தாள். கட்டின காசுக்கு வந்த பங்கு அல்லவா?

அடுத்த மாதம் மெத்தைக்கார இனாயத்துக்கு விழுந்தது. சீட்டு வீணாகக் கூடாதே என்று ஆடியும் ஆடாமலும் இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அதற்கடுத்தது ஜமீலுன்னிசா. அவள் தன் முறைக்கு ஒரு வியாதியும் அகப்படாமல், உடம்பு தேற டானிக் வாங்கி வந்து வீட்டில் எல்லாருக்கும் ஒவ்வொரு மடக்கு கொடுத்தாள். இதற்கு நடுவே சந்தில் காய்ச்சல்காரர்கள் தங்கள் முறைக்காகப் போர்த்திப் படுத்துக் காத்திருந்தார்கள். கஃபாரின் வில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே வந்தது. சீட்டை எடுத்து நடத்துகிறவளே முறை தாண்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஹாஜிரா கருப்பட்டியும் மிளகும் இடித்துக் கொடுத்து நாளைக் கடத்தினாள்.

ஒருநாள் மத்தியானம் டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து வழியே வந்தவர், சத்தம் நின்ற வீட்டு வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். கஃபார் தரையில் கையூன்றி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி? ஏன் எங்கிட்ட வரலை?"

"எங்க மொறை இன்னும் வர்லியே டாக்டரே," என்றாள் ஹாஜிரா.

"என்ன முறை?"

அவள் பிஸ்கோத்து டப்பாவை எடுத்துவந்து காட்டி, குலுக்கல் விவரத்தைச் சொன்னாள். டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். சுப்பம்மா விழுங்கின கொய்னாவை நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கஃபாரின் முதுகில் குழாயை வைத்தார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, ஒட்டுவாரொட்டி ஒன்றுமில்லை, ஆனால் இத்தனை நாள் விட்டது தப்பு என்றார்.

காசு கட்டினவர்கள் முறை பார்க்காமல் எப்போதும் வரலாம் என்ற விஷயம் சந்து முழுக்கப் பரவியது. சுப்பம்மா கஃபாரின் வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தினி நாளா அந்த மன்ஷன் இருமிகினு கீறாரு, நா ஜம்முனு குந்திகினு மாத்திரை முய்ங்கினேனே! என்னியும் ஒரு பொம்பளன்னு எருமைங்க மதிக்குதே!" அன்றிலிருந்து கஃபாருக்குத் தினம் ஒரு செம்பு பால் வந்தது. வேண்டாம் என்றால் திட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த காலம் நல்ல காலம். உடம்பு லேசாகச் சுட்டாலே கூப்பிட்டுக் காட்டினார்கள். டாக்டரும் கூப்பிடாமலே வந்தார். யார் வீட்டுத் தண்ணீர்ப் பானை திறந்து கிடக்கிறது என்று பார்த்துச் சத்தம் போட்டார். கஃபாரின் மூக்கிலும் வாயிலும் துணி கட்டவைத்தார். வில்லை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வெளியே பூவரச மரத்தடியில் போடவைத்தார். சாயங்காலம் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்.

"நீங்க இருமினா இப்ப எனக்கு நஷ்டம், பாய். மருந்து என் கைக்காசு. அதனால தயவு பண்ணி நல்லா இருங்க."

"நா நல்லா கீறேன் டாக்டரே. நீங்க டீய கொஞ்சமா குடிங்க. அது எனக்கு நஷ்டம்."

சிரித்தும் இருமல் வராததைக் கதவோரத்திலிருந்து கேட்டு ஹாஜிரா தனக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். அந்த வருஷம் அவளுக்குத் தன் புருஷனை மறுபடி கட்டிக்கொண்டதுபோல இருந்தது.

அடுத்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பஞ்சு கட்டிப்போகும். மெத்தை வேலை நடக்காது. மாம்பலத்தில் புது வீடு கட்டுகிறவர்கள்கூடக் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். சந்தில் அடுப்பே ஒருவேளைதான் எரிந்தது; டாக்டர் சீட்டுக்கு எங்கே போவது? ஹாஜிரா வாசல் வாசலாக நின்று வெறுங்கையோடு திரும்பினாள். வால்டர் மருந்தில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனான்.

"மச்சி, இனிமே ஊத்தினா மீன் வுடலாம்," என்றான் டாக்டரிடம்.

அந்தச் சமயத்தில்தான் ஷரஃபுதீன் சாயபு டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். சந்துக்குப் பஞ்சு கொடுத்து மெத்தை வாங்குகிற மண்டி அவருடையது. காலையில் மண்டி வாசலில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்ப் பஞ்சு நிறுத்து வாங்குவார்கள். சாயபு மிருதுவாகப் பேசுகிறவர். டாக்டருக்கு மாசச் சம்பளமும் மருந்துச் செலவும் மண்டியே கொடுக்கும், அதற்காகக் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், ஜனங்கள் மாசாமாசம் தேடிக் கட்ட வேண்டாம் என்றார். சந்துக்கே சந்தோஷம். ஹாஜிராவும் நிம்மதியாக டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.

புதுச் சீட்டு மண்டி முத்திரையோடு வந்தது. வீட்டுக்கு ஒன்று இல்லை, வேலையாளின் பேருக்கு ஒன்று. மண்டியிலிருந்து புதிதாக ஒரு குமாஸ்தா வந்து டிஸ்பென்சரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முத்திரையைப் பார்த்தே உள்ளே விட்டான். சுப்பம்மாவை விடவில்லை. டாக்டர் அவளுக்காகப் போய்க் கேட்டபோது, "மண்டியில எருமை இல்லியே டாக்டர்?" என்று சாயபு சிரித்தார். நல்ல தமாஷ் என்று பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள்.

மழைக்குப் பிறகு அடையாற்றில் புதிதாக எழும்பிய ஒரு விடுதிக்கு மெத்தை ஆர்டர் வந்தது. அறைக்கு அறை கட்டில். சீக்கிரம் வேண்டும் என்று, வில்களையெல்லாம் மண்டிக் கொட்டகைக்குள்ளேயே போட்டு அடிக்கவைத்தார்கள். காற்று வர வழியில்லாத தகரக் கொட்டகை. சில வாரத்தில் கஃபாருக்குப் பழைய இருமல் திரும்பிவிட்டது. டாக்டர் பதறிப்போய் நேராகச் சாயபுவிடம் ஓடினார். கஃபாருக்கு இனிப் பஞ்சுத் தூசியே ஆகாது, கொஞ்ச நாளைக்கு உறை தைக்கிற வேலை கொடுத்தால் ஆள் தேறிவிடுவார் என்று எடுத்துச் சொன்னார். சாயபு கவனமாகக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலையில் மண்டி வாசலில் எல்லார் பேரும் கூப்பிட்டு முடிந்தது. கஃபாரின் பேர் வரவில்லை. கணக்கப்பிள்ளை மறந்திருப்பான் என்று அவர் வெயில் ஏறும்வரை நின்றார். பிறகு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சீட்டு கியிஞ்சிபோச்சு, ஹாஜிரா."

அவள் மருந்துச் சீட்டு என்றே நினைத்தாள். "கியிஞ்சா இன்னா? எட்த்தாங்க, கோந்து போட்டு ஒட்டித் தர்றேன்."

கஃபார் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேலை போனால் மண்டிப் பேர் போச்சு; பேர் போனால் டாக்டரும் போச்சு. நோய் வந்த மனிதருக்கு டாக்டர் இல்லை. அவருக்கு டாக்டர் இல்லாமல் போனதற்குக் காரணமும் அந்த நோய்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் சாக்கை வாங்கி உதறி மூலையில் போட்டாள்.

டாக்டர் மறுபடி சாயபுவிடம் போனார். "பஞ்சு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேச்சைத் தட்டுவேனா?" என்றார் அவர், அதே மிருதுவான குரலில். திரும்பி வந்த டாக்டர் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தார். ஹாஜிரா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"நாந்தான் உங்களைக் கெடுத்தேன், பாய்."

"இல்ல டாக்டரே. முன்ன நா இருமினா உங்களுக்கு நஷ்டம், வைத்தியம் பாத்தீங்க. இப்ப மொதலாளிக்கு நஷ்டம், அவரு கய்ட்டி உட்டாரு. டீயக் குடிங்க, ஆறிடும்."

"மருந்தெல்லாம் மண்டிக் கணக்கு. அந்தக் குமாஸ்தா அளந்து வச்சிட்டுப் போறான். என் கையால எடுத்துக் கொடுக்க முடியாது."

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற வால்டர் மரத்தைப் பார்த்துப் பேசினான். "குமாஸ்தா ஊருக்குப் புதுசு. அவனுக்கு முத்திரைதான் தெரியும், மூஞ்சி தெரியாது. சீட்டுல கீற பேரைத்தான் நானும் கூப்புடுவேன்."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார்.

அன்று சாயங்காலமே ஹாஜிராவின் வீட்டில் சந்து கூடியது. இனாயத் தன் சீட்டைத் தருகிறேன் என்றான். ஜமீலுன்னிசா தன் புருஷன் சீட்டைக் கொண்டுவந்தாள். ஆனால் ஒரே பேரில் வாராவாரம் இருமல் மருந்து போனால் அந்தப் பேரும் மண்டியில் கிழியும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஹாஜிரா எழுந்து பரணிலிருந்து பிஸ்கோத்து டப்பாவை இறக்கினாள்.

"சுப்பக்கா, நீயே எடு. ஒனுக்குத்தான் இங்க சீட்டு இல்ல. ஒரு பக்கமும் சாய மாட்ட."

சுப்பம்மா சாணி பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டப்பாவுக்குள் விட்டாள்.

அப்படித்தான் வாராவாரம் நடந்தது. குலுக்கலில் வந்த பேரோடு கஃபார் டிஸ்பென்சரிக்குப் போவார். போகும் வழியெல்லாம் அன்றைய பேரை ஹாஜிரா அவருக்கு ஞாபகப்படுத்திக்கொண்டு வருவாள். டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கணக்கில் வயிற்றுவலி, கண்வலி, கால்சுளுக்கு என்று மாற்றி மாற்றி எழுதுவார். மருந்து மட்டும் ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள அந்தப் பச்சை சீசாவையே அவள் கொண்டுபோனாள்.

ஒரு வாரம் கூட்டம் அதிகம். கொட்டகையிலிருந்து இருமலோடு வந்தவர்களே நிறைய. கஃபார் ஹாஜிரா தைத்த அந்த மெத்தைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கரிச் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். வாசல் நாற்காலியில் குமாஸ்தா சீட்டுகளை அடுக்கி வால்டரிடம் நீட்டினான்.

"அப்துல் கஃபார்!" என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஹாஜிராவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"இனாயத்!" என்று கூப்பிட்டான் வால்டர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. குமாஸ்தா தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இனாயத்! பல் இல்லாத இனாயத்!"

ஹாஜிரா குனிந்து புருஷனின் முழங்காலைத் தொட்டாள்.

"எய்ந்திரிங்க," என்றாள் மெதுவாக. "உங்களத்தான்."

கஃபார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு தன் பற்களை உதட்டால் மூடிக்கொண்டு, பச்சை சீசாவை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.